தலைவர் வாட்சின் நடையும் ஓட்டமும்

எழுபத்திரண்டாம் வருஷம் அனுமந்தன்பட்டி வாய்க்கால் சங்கத்துக்குத் தலைவரான ராஜமணி, முதல் காரியமாக நிழலை ஒழித்தார். அதுவரை முறைத்தண்ணீர் விடுவது நிழல் கணக்கில்தான். வெயிலில் நின்று, தன் நிழலைத் தன் பாதத்தாலேயே அளந்து, "இத்தனை அடிக்கு வந்தாச்சு, மடையை மாத்து" என்பார்கள்.

"ராக்கெட்டு நிலாவுக்கே போயிட்டு வந்தாச்சு. நாம இன்னும் நிழலை மிதிச்சுக்கிட்டுத் திரியுறதா?" என்று கூட்டத்தில் கேட்டவர், சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றி சிலோன் வாட்சைக் காட்டினார். பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று கையைத் தூக்கியபடி ஒரு சுற்று வந்தார். "இனிமே இதுதான் மணி."

காலை ஆறிலிருந்து எட்டு வரை ராஜமணி வயலுக்குத் தண்ணீர். எட்டிலிருந்து பத்து வரை பக்கத்து வயல்காரி இருளம்மாளுக்கு. சரியாகப் பத்துக்குக் கம்பம் பஸ் ஊர் முக்கில் ஆரன் அடிக்கும்.

புரட்டாசி மாசம், நெல் பால் பிடிக்கிற சமயம். ரெண்டு முறையாக இருளம்மாளின் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. இன்னும் ரெண்டு முறை தப்பினால் அந்தப் பாத்தி பூராவும் பதர்தான்.

வாட்ச் இல்லாத இருளம்மாள் நிழலை அளந்து பார்த்தாள். எட்டு மணி நிழல் இன்னும் ரெண்டு அடி குறுகிய பிறகுதான் தலைவர் "எட்டு!" என்றார். ஆனால் பத்து மட்டும் பஸ்ஸோடு சேர்ந்து பத்தாகவே வந்தது. அந்த வாட்ச் அவர் முறைக்கு நடந்தது, இவள் முறைக்கு ஓடியது.

கேட்டுப் பார்த்தாள்.

"சூரியன் முன்னப்பின்ன வரும் ஆத்தா. இது மிஷினு" என்றார் தலைவர். கூட நின்றவர்களும் சூரியனைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

மூன்றாம் முறையன்று வாழைக்குப் பின்னால் நின்று கவனித்தாள். ஏழரைக்கு ராஜமணி வாய்க்காலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். வாட்சின் திருகை இழுத்து நிறுத்திவிட்டு, ஒரு சுருட்டை நிதானமாகக் குடித்து முடித்து, திருகை அழுத்தினார். ஒன்பதுக்கு மறுபடி திரும்பி நின்று முள்ளை முன்னால் தள்ளினார். பெரிய மனுஷர் ஒன்றுக்கு இருக்கிறார் என்றல்லவா இத்தனை நாளும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்!

அடுத்த கூட்டத்தில் இருளம்மாள் எழுந்தாள்.

"நம்ம தலைவர் வாட்ச் மாதிரி கம்பத்துலருந்து தேனி வரைக்கும் கிடையாதுங்கிறாக. அப்பேர்ப்பட்டவுக நமக்கு மணி சொல்ல சேத்துல நின்னு சீரழியலாமா? மடை திறக்குற சீனிச்சாமி அண்ணன் கையில கட்டிவிட்டா, தலைவர் நிம்மதியா உக்காருவாக."

கூட்டம் கை தட்டியது. கைதட்டல் கேட்டால் எதற்கென்று பார்க்காமல் கும்பிட்டுவிடுவது ராஜமணியின் பழக்கம். கும்பிட்டார். கும்பிட்ட கையிலிருந்து சீனிச்சாமியே வாட்சைக் கழற்றிக்கொண்டார்.

மறுமுறை ராஜமணி வெறும் மணிக்கட்டை நாலு தரம் பார்த்துவிட்டு மடைக்கு வந்தார்.

"சீனி, வாட்சுக்குச் சாவி குடுக்கணும். இங்கன கொண்டா."

"விடியவே குடுத்தாச்சு தலைவரே."

"ஓடுதான்னு பாக்கணும்ல?"

சீனிச்சாமி தன் கையைத் தலைவர் காதில் வைத்தார். "கேக்குதா?"

கேட்டது.

எட்டுக்கு மடை மாறியது. தலைவர் வயலில் கடைசி வரப்பு நனையவில்லை.

"வாட்ச் வேகமா ஓடுதுய்யா!" என்று கத்தினார்.

"அப்ப அது ரிப்பேரா தலைவரே?" என்றாள் இருளம்மாள். "ரிப்பேர் வாட்சுலயா இம்புட்டு நாளும் மணி சொன்னீக?"

மடையில் நின்ற நாலு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"ரிப்பேரெல்லாம் இல்ல. அதை ஊருக்கே தானமாக் குடுத்துட்டேன். பின்பக்கம் 'உபயம் ராஜமணி'ன்னு வெட்டணும். ஒரு நாளைக்கு மட்டும் இங்கன குடுங்க."

"வெட்டாம விடுவோமா? வீரபாண்டித் திருவிழாவுக்கு, பாத்திரத்துல பேரு வெட்டுறவக வருவாக. சித்திரைக்கு இன்னும் ஏழு மாசந்தானே" என்ற இருளம்மாள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிப் பாத்தியைப் பார்க்க நடந்தாள். தண்ணீர் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.