மச்சான் உட்கார்ந்த இருக்கை

புதிய காரின் வெளியீட்டு விழாவுக்கு ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு அழைப்புச் சீட்டு கொடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டில் அதற்கு அடிபிடி. மனைவியா, மாமியாரா, மூத்தவனா, சின்னவளா என்று ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்தது. சோதனை ஓட்டுநருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு மகள், அவளும் மூன்று வருடமாக அவரோடு பேசுவதில்லை. சீட்டை ஒரு தபால் உறையில் வைத்தார். கூடவே ஒரு தாளில் "வந்தால் சந்தோஷம்" என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நெடுந்தூரம் சொகுசாகப் போவதற்கென்றே செய்த வண்டி. அறுநூறு குதிரைத் திறன். மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் இரண்டு இருக்கை உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், அங்கே ஒரு கைப்பையை வைத்தாலே பை கோபித்துக்கொள்ளும். ஆக, இரண்டு பேர் பேசிச் சிரித்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டிய வண்டி. அதை நான்கு வருடம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர், ஒரே வட்டப் பாதையில் ஒற்றை ஆளாக ஓட்டிப் பார்த்தவர் இவர். யாருக்குச் சிரிப்பு வருகிறதோ சிரித்துக்கொள்ளலாம்.

ஒற்றை ஆள் என்பதும் முழு உண்மை இல்லை. பக்கத்து இருக்கையில் ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கும். ரப்பர் உடம்பு, உள்ளே தண்ணீர், மொத்தம் எழுபது கிலோ. ஆள் ஏறினால் வண்டி எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காக அதற்கு இருக்கைப் பட்டையும் மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். பட்டறையில் அதற்கு மச்சான் என்று பெயர். ஓசியில் வருவான், வாயைத் திறக்க மாட்டான், எத்தனை சுற்று சுற்றினாலும் இறங்க மாட்டான்.

அந்த மச்சானிடம்தான் அவர் பேசுவார். வேறு வழியும் இல்லை. வெளிவராத வண்டியை யாரும் படம் எடுத்துவிடக் கூடாதென்று, பாதைக்குள் போகிறவர்கள் போனை வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் கையில் கிடைக்கும். மூன்று வருடத்துக்கு முன் அவர் மனைவி மயங்கி விழுந்த அன்று மகள் பதினோரு முறை கூப்பிட்டாள். பதினொன்றும் பெட்டிக்குள்ளேயே அடித்து ஓய்ந்தன. "போன் உள்ள இருந்துச்சு" என்று மட்டும் பிறகு சொன்னார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று மூன்று மணிக்கே வேலை முடிந்துவிட்டது. வண்டி அருமையாக ஓடியது. ஆசைக்கு இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று ஐந்து மணிவரை அவராகவே ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவியின் உயிர் போனது நாலரைக்கு. முதல் ஏழு அழைப்புக்கு வேலையைச் சாக்குச் சொல்லலாம், கடைசி நாலுக்கு ஒரு சாக்கும் கிடையாது. இதை மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மச்சானையே மகளாக நினைத்து நூறு தடவை சொல்லிவிட்டார்.

வண்டியில் ஒலிவாங்கி இருப்பது அவருக்குத் தெரியும். வெளிக்காற்றும் சக்கரமும் உள்ளே எவ்வளவு கேட்கிறது என்று அளக்க வைத்தது. "பேச்சு வந்தா மெஷினே கழிச்சிடும் சார், நீங்க பாட்டுக்குப் பாடிட்டே போங்க" என்று ஒலிப் பொறியாளர் சொல்லியிருந்தாள். நல்ல பெண்தான். ஆனால் கணினித் திரையில் ஒலியின் அளவைக் காட்டும் கோட்டைப் பார்த்தே பழகியவள். எதையும் காதால் கேட்டுப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

விழா, சோதனைப் பாதையை ஒட்டிப் போட்ட பெரிய கொட்டகையில். கம்பெனி கொடுத்த கோட்டு அக்குளில் இறுக்க, ஓட்டுநர் திரைக்குப் பின்னால் நின்றார். மகளுக்கு அனுப்பிய சீட்டுக்கு ஒன்பதாம் வரிசை, பதினாலாம் நாற்காலி. இடுக்கு வழியாக நாலு தடவை எட்டிப் பார்த்தார். நாலு தடவையும் காலி.

துணி விலகியது, கார் மின்னியது, கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நிர்வாக இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "இருநூத்தி நாப்பது கிலோமீட்டர் வேகத்துல இந்த வண்டிக்குள்ள எவ்வளவு அமைதியா இருக்குன்னு நீங்களே கேளுங்க. நிஜமான சோதனை ஓட்டத்துல பதிவு பண்ணது."

கொட்டகை அடங்கியது. லேசாக ஒரு இரைச்சல், அவ்வளவுதான். பிறகு ஒரு ஆண் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது.

"மூணு மணிக்கே வேலை முடிஞ்சிடுச்சு பாப்பா. வண்டி நல்லாப் போகுதேன்னு... இறங்க மனசு வரல. சும்மாதான் சுத்திட்டு இருந்தேன். நீ கூப்பிட்டுட்டே இருந்திருக்க."

அது ஓட்டுநரின் குரல். இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்தது எண்ணூறு பேருக்கு நடுவில் விழுந்து கிடந்தது. அவர்களோ அதை விளம்பரத்துக்கு எழுதிய வசனம் என்று நினைத்துச் சிரித்தார்கள். இறங்க மனசு வராத கார்! இயக்குநர் அசரவில்லை. "பாத்தீங்களா, அந்த வேகத்துலயும் பேச்சு எவ்வளவு தெளிவா கேக்குது!" என்றார். விசில் பறந்தது.

ஒலிப் பொறியாளர் வெளுத்த முகத்தோடு ஓடி வந்தாள். "சார், கோடு ரொம்ப சுத்தமா இருந்த ஓட்டம் அதுதான். அதனால எடுத்தேன். கேட்டுப் பாக்கல சார், மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லம்மா" என்றார்.

அடுத்து அவர் வேலை. முக்கிய விருந்தினர்களை ஒவ்வொருவராக ஏற்றி ஒரு சுற்று வேகமாகக் காட்ட வேண்டும். நாலு கிலோமீட்டர் பாதை, ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவர் அலறினார், ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஒருவர் இறங்கியதும் தன் காலைத் தானே தொட்டுப் பார்த்தார். கடைசிச் சுற்று ஓட்டுநர் வீட்டு ஆளுக்கு என்று மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"மச்சானத் தூக்கி வைக்கட்டுமாண்ணே?" என்றார் மெக்கானிக். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் ஓட்டுநருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

அப்போது கதவு திறந்தது. மகள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஏறி உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டாள்.

"எங்க உக்காந்திருந்த? நாற்காலி காலியா இருந்துச்சே."

"லேட்டாத்தான் வந்தேன். கதவுகிட்ட நின்னுட்டேன்."

வண்டி கிளம்பியது. நூறு தடவை ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. மச்சான் இருந்தால் மடை திறந்த மாதிரி கொட்டியிருப்பார்.

"சாப்பிட்டியா?"

"ம்." முதல் வளைவு கடந்தது. "அது எழுதிக் குடுத்துப் பேசச் சொன்னதா? இல்ல, நிஜமா?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. கொட்டகையே அப்படித்தான் நம்புகிறது.

"நிஜம்."

"யார்கிட்ட பேசிட்டு இருந்தீங்க?"

"இந்த சீட்ல ஒரு பொம்மை இருக்கும். அதுகிட்ட."

அவள் சிரிக்கவில்லை. "பொம்மைகிட்ட சொல்லிட்டீங்க" என்றாள்.

பாதி தூரம் அதற்குள் ஓடிவிட்டது. பாழாய்ப்போன வேகம். அவர் காலைத் தளர்த்தினார். வேக முள் இறங்கி இறங்கி நாற்பதுக்கு வந்தது. அந்தக் காரை அந்தப் பாதையில் யாரும் அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை.

கம்பியில்லாக் கருவியில் மேலாளரின் குரல் கரகரத்தது. "என்ன ஆச்சு? வண்டியில ஏதாவது கோளாறா? எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க!"

"வண்டியில ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அதை அணைத்தார். பிறகு பாதையைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். "முதல் தடவ பதினொன்னு இருபதுக்குக் கூப்பிட்ட. அப்ப நான் டயர் மாத்திட்டு இருந்தேன். ரெண்டாவது பதினொன்னு அம்பது..."

மகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும், அந்த நேரத்தில் தான் எந்த வளைவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் வரிசையாகச் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். தூரத்தில் கொட்டகை தெரிந்தது. வெளியே ஜனங்கள் எழுந்து நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"ஏழாவது, ரெண்டு அம்பது. வேலை முடியப் பத்து நிமிஷம் இருந்துச்சு."

அதோடு அவர் குரல் நின்றுவிட்டது. வெள்ளைக் கோடு நெருங்கியது. மேலாளர் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்தச் சொன்னார். ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போனது.

"இன்னும் நாலு இருக்குப்பா" என்றாள் மகள், ஜன்னலைப் பார்த்தபடியே.

அவர் காலை எடுத்தார். வண்டி மேலாளரைத் தாண்டி, கோட்டையும் தாண்டி, அதே நாற்பதில் அடுத்த சுற்றுக்குப் போனது.

"எட்டாவது" என்றார் அவர், "மூணு பத்து."