நிறுத்து என்றால் நிறுத்துவது

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, ஒட்டுக்கேட்டது. என் முதுகு வலிக்காக மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. உள்ளே ஒரு பெண், "நீ நிறுத்துன்னு சொன்னா உடனே நிறுத்திடுவேன்" என்றார். அடுத்த நொடியே ஒரு சின்னக் குரல்: "நிறுத்துங்க."

"இன்னும் தொடவே இல்லையேம்மா!"

நான் கேட்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

மாலை வெயில் ஜன்னல் வழியே மெல்ல

(வேண்டாம். கால் வலிக்கிற பிள்ளைக்கு வெயிலா முக்கியம்?)

சிறுமிக்கு ஒன்பது வயது. மூட்டு வலி வெகுநாளாகக் கூடவே குடியிருக்கிறது. மாத்திரை ஒரு பக்கம் ஓடுகிறது. அதோடு சேர்த்துத்தான் இந்த மசாஜ். மசாஜ் அக்கா எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, கெண்டைக்காலில் கை வைக்கிறார். "நிறுத்துங்க." எடுக்கிறார். மறுபடி வைக்கிறார். "நிறுத்துங்க." எடுக்கிறார்.

"விளையாடாதடி. அக்காவுக்கு வேற வேலை இல்லையா?" என்கிறாள் அம்மா.

"விளையாடல. நிஜமாவே நிறுத்துறாங்களான்னு பாக்குறேன்."

ஊசி போட்டவர்கள், காலை மடக்கி நீட்டியவர்கள், யாருமே அவள் சொல்லி நிறுத்தியதில்லை. அம்மாவும்தான்.

3

அம்மாவை வில்லியாக்கிவிடலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியை, பிள்ளை கதறக் கதறப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யவைத்தவள் அவள். பாவம் பார்த்து விட்டிருந்தால் முழங்கால் மடங்கியபடியே இறுகியிருக்கும். ஆனால் இப்போது அம்மா கை நீட்டினாலே பிள்ளை காலை இழுத்துக்கொள்கிறாள். அது அம்மாவை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது.

"வீட்ல நீங்கதான் செய்யணும், வாங்க" என்கிறார் மசாஜ் அக்கா.

அம்மா கை வைக்கிறாள். கால் நகரவில்லை. அப்பாடா, கதை கரையேறிவிட்டது என்று நான்

"நிறுத்தும்மா."

4

நான் எழுதிய முதல் முடிவில் அம்மா, "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். இரண்டாவதில் வலி அடியோடு போய், சிறுமி மாடிப்படியில் தாவித் தாவி

(பொய். மசாஜ் செய்தால் வலி கொஞ்சம் தணியலாம், தூக்கம் வரலாம். என் பேனாவுக்கும் அதற்கு மேல் சக்தி இல்லை.)

மூன்றாவதில் அம்மா கையை எடுத்துவிட்டாள், அடுப்பில் பட்டதுபோல. ஏன் என்று கேட்கவில்லை. எண்ணெய்க் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிறுமி அவளையே பார்க்கிறாள்.

அடுத்த வரி சிறுமியுடையது. அவள் இன்னும் சொல்லவில்லை. பொறுமை இல்லாதவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கேட்டுவிட்டு.