ஏழாம் எண் தட்டு

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், குழாய்கள் ஓடும் தாழ்ந்த கூரைக்கு அடியில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தக்கறையோடு ஒரு கதவு வழியாக உள்ளே வரும். கழுவி, துடைத்து, எண்ணித் தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் கட்டி, நீராவி மெஷினில் வேகவைத்து, இன்னொரு கதவு வழியாக மேலே அனுப்புவோம். மேலே இருக்கிற டாக்டர்களுக்குப் பெயர் உண்டு. கீழே இருக்கிற எங்களுக்கு எண் உண்டு. நாங்கள் ஒன்பது பேர். நான் ஒன்று, தலைமைப் பொறுப்பும் என்னுடையதுதான். மற்ற எட்டுப் பேருக்கும் நான் பெரியக்கா.

வேலை கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலைதான், ஒரு விஷயத்தைத் தவிர. தட்டைக் கட்டுவதற்கு முன்னால் கருவிகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு சின்னப் பட்டை வைக்க வேண்டும். நீராவி உள்ளே வரைக்கும் போயிருந்தால் அது கறுத்துவிடும். ஆபரேஷன் தியேட்டரில் தட்டைப் பிரிக்கிற நர்ஸ் முதலில் அதைத்தான் பார்ப்பாள். வெள்ளையாக இருந்தாலும் தட்டு திரும்பி வரும், பட்டையே இல்லாவிட்டாலும் திரும்பி வரும். துணிக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டி, கட்டியவரின் எண்ணையும் நேரத்தையும் எழுத வேண்டும். ஒருவர் வேலைக்கு வந்தாரா, எவ்வளவு நேரம் இருந்தார் என்பதற்கெல்லாம் அந்தச் சீட்டுதான் சாட்சி.

ஏழாம் எண்ணைக் கொக்கு என்று கூப்பிடுவோம். அவ்வளவு உயரம். அலமாரியின் மேல் அடுக்கில் இருக்கிற பெட்டியை எடுக்க எங்களுக்கெல்லாம் முக்காலி வேண்டும், அவளுக்குக் கையை நீட்டினால் போதும். அவளுக்கு அம்மாவைத் தவிர யாரும் இல்லை. அந்த அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். இனி மருந்தில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பகலில் பக்கத்து வீட்டுக்காரி உட்கார்ந்திருப்பாள். இரண்டு மணிக்கு மேல் அவளுக்கும் அவள் வேலை இருக்கிறது. எங்கள் ஷிப்டு முடிவதோ ஆறு மணிக்கு.

கொக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்கும் முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். ரெண்டு மணிக்குப் பின்வாசல் வழியாகக் கிளம்பு, உன் தட்டுகளை நான் உன் எண்ணைப் போட்டுக் கட்டிவிடுகிறேன் என்றேன். அவள் தயங்கினாள்.

"மேல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமாக்கா?"

"யாரை? கடிகாரத்தையா? அவன் குடுத்துக் கிழிச்சான். நான் இருக்கேன்ல, நீ போடி."

கடிகாரம் என்பது எங்கள் மேலாளர். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைவிடத் தன் மணிக்கட்டையே அதிகம் பார்க்கிற மனிதர். அவரிடம் நான் யாருக்காகவும் எதுவும் கேட்டதில்லை. கேட்காமலே சமாளிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். நாலாம் எண்ணுக்கு இடுப்புவலி வந்தால் அவள் கனமான தட்டுகளை நான் தூக்குவேன். ஒன்பதாம் எண் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாமதமாக வந்தால் அவள் தொட்டியை நான் கழுவி வைத்திருப்பேன். நான் லீவு எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், என் கணவர். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று அவர் பல தடவை சொல்லிவிட்டார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே நான் தூங்கிப்போனபோது, "ஒரே கம்பியில தொங்குற லிப்ட்ல நான் ஏற மாட்டேன்" என்றார். அவருக்கு எல்லாமே லிப்டுதான் என்று சிரித்து ஒதுக்கிவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். எட்டுப் பேரும் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதற்காக எதையும் செய்வேன்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன் டாக்டரே படியிறங்கி வந்தார். அவர் கீழே வந்து நான் பார்த்ததில்லை. கையில் ஒரு சீட்டு. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகு தட்டைப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே பட்டை இல்லை. மாற்றுத் தட்டு எங்கள் மெஷினுக்குள் இருந்தது. அது வெந்து, ஆறி, மேலே போகிற வரைக்கும் நாற்பது நிமிஷம் அந்த மனிதர் மேஜைமேல் மயங்கிக் கிடந்தார். வெளியே அவர் மனைவி, ஏன் இத்தனை நேரம் என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அவர் பிழைத்துக்கொண்டார். அது அவர் அதிர்ஷ்டம்.

சீட்டில் ஏழு என்று இருந்தது. நேரம், திங்கட்கிழமை மாலை நாலு பத்து.

கடிகாரம் எங்களை வரிசையாக நிற்கவைத்து, இது யார் கட்டியது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வதற்காகத் திறந்தேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் கொக்கு ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தான் சார்."

திங்கட்கிழமை நாலு பத்துக்கு அவள் தன் அம்மாவுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றிலிருந்தே சஸ்பெண்ட், அடுத்த திங்கட்கிழமை விசாரணை, தப்பு உறுதியானால் வேலை போகும் என்றார் கடிகாரம். கொக்கு மேலங்கியைக் கழற்றி, மடித்து, மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தத் தடவை முன்வாசல் வழியாகப் போனாள்.

அன்று ஆறு மணிக்கு என் மேலங்கியைத் துவைக்கிற கூடையில் போடும்போது, பழக்கதோஷத்தில் பையைத் தடவினேன். பட்டை இருந்தது. வெள்ளையாக, வைத்தது வைத்தபடி. முந்தின நாள் அதைத் தட்டில் வைக்கப் போன சமயத்தில் ஒன்பதாம் எண், தொட்டி அடைத்துக்கொண்டது என்று கத்தினாள். பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவளுக்கு உதவிவிட்டு வந்து தட்டைக் கட்டிவிட்டேன். இரண்டு நாளாக ஒரே மேலங்கியோடு அலைந்திருக்கிறேன், அது வேறு.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். ஒரு விரல் நீளம்கூட இல்லாத பட்டை, அன்று பஸ்ஸுக்கு நடக்கவே கால் வரவில்லை.

மனசாட்சி என்பது ஒரு நல்ல வக்கீல், நமக்குச் சாதகமாக எதையாவது எடுத்துக்கொடுக்கும். நான் சொன்னால் என்ன ஆகும்? மூன்று வாரப் பொய்ச் சீட்டுகளும் வெளியே வரும். இரண்டு பேர் வேலையும் போகும். சொல்லாவிட்டால் கொக்கு விசாரணை வரைக்கும் வீட்டில் இருப்பாள், அம்மாவோடு முழு நாளும் இருப்பாள். அவளுக்கு வேண்டியதும் அதுதானே. இப்படி நினைத்தேன். வெட்கமில்லாமல், இது ஒரு வகையில் நல்லதுக்குத்தான் என்றுகூட நினைத்தேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பேய்மாதிரி வேலை செய்தேன். பெரியக்கா இருக்கிற வரைக்கும் நமக்கென்ன கவலை என்று நாலாம் எண் சொன்னபோது கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

சனிக்கிழமை தாங்க முடியவில்லை. இரண்டு மணிக்கு, அவள் போகிற அதே பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். அந்த நேரத்தில் வெயில் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

கொக்கின் வீடு மூன்றாவது மாடியில். கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் மெத்தை இல்லை, வெறும் பலகைதான் இருந்தது. ஜன்னலோரம் காலி மருந்துப் பாட்டில்கள் ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. கொக்கு தரையில் உட்கார்ந்து அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றாள். எங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொன்னா நீங்க ஓடி வந்துடுவீங்கக்கா. அப்புறம் உங்க தட்டையெல்லாம் யாரு பாக்கறது?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படி யோசித்திருக்கிறாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மடிப்பதை நிறுத்தாமலே பேசினாள். சஸ்பெண்ட் ஆனதை அம்மாவிடம் சொல்லவில்லையாம். லீவு என்று சொல்லியிருக்கிறாள்.

"பெரியக்கா லீவு வாங்கிக் குடுத்தாங்கன்னு சொன்னேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். கடைசி ரெண்டு நாளும் அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும், நல்லா இருக்கணும்னு."

பையிலிருந்து பட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"தெரியும்க்கா" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன்டி ஒத்துக்கிட்ட?"

"மூணு வாரம் அம்மாகூட இருந்தேன்ல. அதுக்குத் திருப்பி என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலக்கா."

நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் மூன்று வாரமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது உதவி என்று நினைத்திருந்தேன். அவளோ அதைச் சுமந்துகொண்டு, எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். கிடைத்த முதல் இடத்தில், தன் வேலையையே வைத்து இறக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை விசாரணை தொடங்கும் முன்பே கடிகாரத்தின் மேஜையில் பட்டையை வைத்தேன். பின்வாசல், பொய்ச் சீட்டு, நாலு பத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு தடவைகூட மணிக்கட்டைப் பார்க்கவில்லை. நான் முடித்ததும் இழுப்பறையிலிருந்து விதிகள் அச்சடித்த ஒரு புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். பெற்றோர் மரணப் படுக்கையில் இருந்தால் முப்பது நாள் விடுப்பு. முழுச் சம்பளத்தோடு, முழு நாளும்.

"ஏன் கேக்கல?" என்றார்.

அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன்.

"நாலு வருஷத்துல நீங்க யாருக்காகவும் எதுவும் கேட்டு மேல வந்ததில்ல. கீழ எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நினைச்சுட்டேன். அது என் தப்பும்தான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணும் தூங்காத கண்ணாகத்தான் இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று ஆசையாக இருந்தது, வரவில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அதற்கும் மேலே. அவளுக்குச் சேரவேண்டிய முப்பது முழு நாட்களை அவளுக்குத் தெரியாமலே அமுக்கிவைத்துவிட்டு, தினமும் நாலு மணி நேரமாகக் கிள்ளிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

கொக்கின் வேலை தப்பியது. பொய் வருகைக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும். என் தலைமைப் பொறுப்பு போனது. வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் சேர்ந்து கிடக்கிற லீவில் பதினைந்து நாள் எடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் கடிகாரம். முதல் மூன்று நாள் தூங்கினேன். நாலாம் நாள் யாருக்கும் நான் தேவைப்படவில்லை என்பது உறைத்து, காரணமில்லாமல் கணவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் என் செருப்பை எடுத்து வாசலில் போட்டு, நடந்துவிட்டு வரலாம் என்றார். சாயங்காலங்களில் இருவரும் நடந்தோம். புதுப் பிறவி எடுத்தேன் என்றால் அது பொய். ராத்திரி தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது நாலாம் எண் தலைவியாக இருந்தாள். இடுப்புவலிக்காரி என்ன கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். விடுப்பு விதிகளை நகலெடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொருவரிடமும் போய், வீட்டில் என்ன நிலைமை, என்ன வேண்டும் என்று கேட்கிறாள். கேட்டதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலே போகிறாள். பாதி கிடைக்கிறது, பாதி கிடைப்பதில்லை. கிடைக்காததையும் வந்து நேராகச் சொல்லிவிடுகிறாள். யாருடைய தட்டையும் அவள் தூக்குவதில்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. என்னிடமும் வந்து கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, மாசத்தில் ஒரு சனிக்கிழமை வேண்டும் என்றேன்.

இப்போது ஒரு புது ஏற்பாடும் வந்திருக்கிறது. தட்டைக் கட்டுவதற்கு முன்னால் இன்னொருவர் பட்டையைப் பார்த்துவிட்டு, சீட்டில் அவர் எண்ணையும் எழுத வேண்டும். எனக்குச் சரிபார்க்கிறவள் கொக்கு. என்னைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் முன்னைப்போல் தயங்கி நிற்பதில்லை. இடுக்கிகளுக்கு நடுவிலிருந்து பட்டையை எடுத்துப் பார்க்கிறாள், திரும்ப வைக்கிறாள், பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்து எழுதுகிறாள்.

அவள் எழுதுகிற ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு உண்டு. அன்றைக்கு அந்தச் சீட்டில் அது இல்லை. டாக்டர் கவனிக்கவில்லை, கடிகாரம் கவனிக்கவில்லை. அவள் மட்டும் பார்த்திருப்பாள், பார்த்துவிட்டுத்தான் முன்னால் வந்திருப்பாள். மூன்று வாரம் அவள் எண்ணை நான் எழுதினேன். அதை அவள் எப்படி எழுதுவாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.