கல்லுளிமங்கனின் மருமகள்

பேசாத மனிதர்களுக்குப் பெயருக்கா பஞ்சம்? சோபா தைக்கும் அந்த மாமனாருக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் வாயில்லாப்பூச்சி. மகனுக்கு அழுத்தக்காரர். காலமெல்லாம் அவரோடு குடித்தனம் நடத்திய மாமியாருக்கோ கல்லுளிமங்கன். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அவரிடம் கேட்கவும் முடியாது, ஆணிதான் உதிரும். குட்டி ஆணிகளை வாய் நிறைய அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்துத் துணியைச் சட்டத்தில் அறைவதுதான் அவர் வேலை செய்யும் விதம்.

இதில் எந்தப் பெயர் சரி என்று மருமகளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பிரசவத்துக்கு முன் வேலை பார்த்த மருந்துக்கடையில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி. தவழ்கிற பிள்ளையின் பின்னால் யார் ஓடுவது? பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் வேலைக்குப் போகட்டுமா என்று போன வாரமே மாமனாரிடம் கேட்டாள். "ம்" என்றார், அதோடு சரி. வாயில்லாப்பூச்சியின் "ம்" என்றால் சம்மதம். கல்லுளிமங்கனுடையது என்றால் செவிடன் காதில் ஊதிய சங்கு. மௌனம் சம்மதம் என்று சொன்னவர் இந்த மனுஷரோடு குடித்தனம் பண்ணியிருக்க மாட்டார் என்றாள் மாமியார்.

வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது மருமகளுக்கு. ஆனாலும் பெரியவர் மனம் கோணக் கூடாதே. மத்தியானம் வீட்டை ஒட்டிய பட்டறைக்குப் போனாள்.

"நான் வேலைக்குப் போகலை மாமா. வரலைன்னு சொல்லிடறேன்."

சுத்தியல் நின்றது. ஆணிகளையெல்லாம் உள்ளங்கையில் துப்பினார். அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததே இல்லை.

"நான் வேணாம்னு சொன்னேனா?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே மாமா."

"வேணாம்னாத்தானே சொல்லணும்?"

கதவுக்குப் பின்னாலிருந்த மூலையைக் காட்டினார். பஞ்சு மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, பலகையால் தடுப்பு கட்டியிருந்தார்.

"தரையில தெனமும் காந்தத்தை இழுத்துப் பாத்துட்டு இருக்கேன். நேத்து ஒரு ஆணிகூட ஒட்டலை. புள்ளைய இங்க விட்டுட்டுப் போ."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நின்ற இடத்திலேயே போனை எடுத்து, நாளைக்கே வருகிறேன் என்றாள்.