ஏழாம் மாதம் இன்னும் முடியவில்லை

மனு எழுதுவதில் பினாங்கில் எனக்கு இணை கிடையாது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் மேசை போட்டிருக்கும் கார்த்திகேசு எழுதினால் எந்தத் துரையும் இளகிவிடுவான் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

1907, செப்டம்பர் தொடக்கம். காமாரியா வந்து ஒரு தாளை மேசையில் போட்டாள். பின்சந்தில் சொந்த வீட்டு முன்கட்டில் சோற்றுக்கடை நடத்துகிறவள். தாள், வரி ஆபீஸ் வாரண்டு. வீட்டு வரியை ஜூலைக்குள் கட்டவில்லையாம். வரியும் அபராதம் பன்னிரண்டு வெள்ளியும் சனிக்கிழமைக்குள் வராவிட்டால், சோறாக்கும் இரண்டு செம்புத் தேக்சாவும் ஏலத்துக்குப் போகும். வரிப் பணம் அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. அபராதத்துக்கு இல்லை. தேக்சா போனால் கடையும் போனது மாதிரிதான்.

"கவலைய விடுங்க அக்கா. 'அடியாள் ஏழை விதவை'ன்னு தொடங்குவோம்."

"எம் மாப்புள ரங்கூன் கப்பல்ல இருக்காரு. அவர ஏண்ணே சாகடிக்கிறீங்க?"

"சும்மா, மனுவுக்குத்தான்."

"வேணாம்லா. நான் ஒரு தப்பும் பண்ணல. பியூன் யூசுப் வந்து, 'புலான் துஜோ முடியுறதுக்குள்ள கட்டிடுங்க'ன்னாரு. ஏழாம் மாசம் எங்க முடிஞ்சிச்சு? இன்னும் நாலு நாள் கெடக்கே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜூலை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. ஆனால் இஸ்லாமியக் கணக்கில் அவளுக்கு ஏழாம் மாதம் ரஜப். முஹர்ரத்திலிருந்து விரல் விட்டு எண்ணியிருக்கிறாள்.

"அபராதத்தப் பாதியாக் கொறைக்கச் சொல்லிக் கேப்போம்" என்றேன்.

"பாதி எதுக்கு? நான் என்ன பாதித் தப்பா பண்ணேன்?"

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'உங்கள் ஆள் சொன்ன மாதம் இன்னும் முடியவில்லை. வரி கொண்டு வந்திருக்கிறேன்.' அவ்வளவுதான். கண்ணீர் இல்லை, காலில் விழுதல் இல்லை. பதினெட்டு வருடத்தில் இப்படியொரு மொட்டை மனுவை நான் எழுதியதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அவளோடு ஆபீசுக்குப் போகவே வெட்கமாக இருந்தது.

துரை படித்துவிட்டுச் சிரித்தார். மலாய் நன்றாகப் பேசுவார். "ஏழாம் மாதம் ஜூலை. இது யாருக்குத் தெரியாது?" என்றார்.

காமாரியா கதவோரம் நின்ற யூசுப்பைக் காட்டினாள். "அவருக்கு, துரை. நோன்புப் பெருநாள் என்னைக்குன்னு கேட்டுப் பாருங்க."

துரை கேட்டார். யூசுப் யோசிக்கவே இல்லை. "பத்தாம் மாசம் ஒண்ணாந்தேதி, துரை."

துரை லீவுப் புத்தகத்தைப் புரட்டினார். யூசுப்பின் பெருநாள் லீவு நவம்பர் ஏழு என்று துரையின் கையாலேயே எழுதியிருந்தது. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்; அதில் நவம்பர் பத்தாம் மாதம் இல்லை, பதினோராம் மாதம். யூசுப்பைப் பார்த்தார். யூசுப்புக்கு அப்போதுதான் விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டான்.

'அபராதம் ரத்து' என்று மனுவின் மேலேயே எழுதிய துரை, பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டார். "இப்படி எத்தனை வீட்டில் சொன்னாய்?"

"சந்து முழுக்கச் சொன்னேன் துரை. நாப்பத்தோரு வீடு."

என் வயிறு குளிர்ந்தது. நாற்பத்தோரு மனு, ஆளுக்கு அரை வெள்ளி. மனக்கணக்கை முடிப்பதற்குள் காமாரியா வாயைத் திறந்துவிட்டாள்.

"அதே தாள்ல எங்க சந்துப் பேரையும் எழுதிடுங்க துரை. எனக்கு ஒரு ஏழாம் மாசம், பக்கத்து வீட்டுக்கு வேற ஏழாம் மாசமா?"

துரை எழுதினார்.

வரியைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அவள் முந்தானையை அவிழ்த்து என் கூலி அரை வெள்ளியைக் கையில் வைத்தாள்.

"ரெண்டு வரி எழுதுனதுக்கு இது அதிகந்தாண்ணே. இருந்தாலும் வெச்சுக்கோங்க. எம் மாப்புளைய உசுரோட விட்டீங்களே, அதுக்கு."