பாலத்தடியில் நின்ற வாடகைச் சைக்கிள்

பூட்டும் சங்கிலியும் போட்டுக்கூட இரண்டு சைக்கிள் பறிபோன பிறகுதான், கண்டியில் திருகோணமலை வீதியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த வடிவம்மா அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாள். சைக்கிள் எடுப்பவர் அடையாள அட்டையை வைத்துவிட்டுப் போகவேண்டும். அதற்குப் பிறகு ஒரு சைக்கிள் மணிகூடக் களவு போகவில்லை.

யுத்த காலம்தான். ஆனாலும் யாழ்ப்பாணத்து விமலநாதன் கட்டுகஸ்தோட்டைக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிற பாதையில் அதுவரை சோதனை இருந்ததில்லை. அன்று காலையும் அட்டையை நீட்டினான்.

“கெதியா வந்திடுவன், அக்கா.”

“மெதுவா வாங்க தம்பி. பனி கண்ண மறைக்குது.”

அவன் பனிக்குள் கரைந்து கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கடை ரபீகா வந்தாள்.

“வடிவக்கா, கட்டுகஸ்தோட்டப் பாலத்துல ஆமி நிக்கிதாம். ஐடென்டி இல்லாத தமிழாக்கள லொறியில ஏத்துறாங்களாம்.”

வடிவம்மாவின் கை மேசை லாச்சிக்குள் போனது. விமலநாதன் அட்டைக்குள்ளிருந்து அவளையே பார்த்தான்.

“அந்தப் பொம்பளச் சைக்கிள எடு, ரபீகா.”

“ஓட்டத் தெரியுமா ஒங்களுக்கு?”

“கலியாணத்துக்கு முந்தி தெரியும்.”

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். சில்லு உருண்டதும் தரை இல்லாமல் போனது. வீடுகளும் மரங்களும் வெள்ளைக்குள்ளிருந்து மிதந்து வந்து, யாரென்று கேட்காமல் விலகின. எங்கோ ஒரு வானொலி பாடியது. பாட்டு அவளோடு சிறிது தூரம் வந்து திரும்பிப் போனது. தான் மிதிக்கிறாளா, வீதிதான் தன்னைச் சுமக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அட்டை மட்டும் இரவிக்கைக்குள் உறுத்தியது.

பாலத்தடியில் பனி விலகியபோது, லொறிக்குப் பக்கத்தில் விமலநாதன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். கீழே மகாவலி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

வடிவம்மா சிப்பாயிடம் சிங்களத்தில் சொன்னாள்: “மாத்தையா, இவருடைய அட்டை. நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.”

“ஏன்?”

“சைக்கிள் களவு போகாமலிருக்க.”

சிப்பாய் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், சைக்கிளையும் பார்த்தான்.

“இந்தத் துருப்பிடித்த சாமானுக்கு ஒரு மனுசனையா அடகு பிடித்தாய்?”

அவன் அட்டையை விமலநாதனிடம் கொடுத்து, போகச் சொல்லிக் கையை வீசினான்.

இருவரும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

“உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாதக்கா.”

“எனக்கும் மறந்துதான் போச்சு. பயந்துட்டீங்களா தம்பி?”

“ஓம். லொறிக்கதவு திறந்தே கிடந்தது.”

அடுத்த நாள் அவன் பழக்கத்தில் அட்டையை நீட்டினான்.

“அதப் பையில வைங்க.”

“அப்ப உங்கட சைக்கிளுக்கு என்ன காவல்?”

வடிவம்மா அவனை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“செருப்புல ஒன்னக் கழட்டி வைங்க. ஒத்தச் செருப்போட எம்புட்டுத் தூரம் ஓடிருவீங்க?”

விமலநாதன் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கழற்றினான். வெறுங்காலொன்று மிதிக்க, சைக்கிள் பனிக்குள் போனது.