இன்னுமொரு முழம்

"ஒரு முழம். ஒரேயொரு முழம்தான் இறக்கச் சொல்லுறன்..."

"அதில்லையப்பா, ஆடி பிறந்தாத் தேத்தண்ணி..."

"அங்கை கண்டு வாடிச் சாகுது, இவ தேத்தண்ணியிலை நிக்கிறா..."

"தேத்தண்ணி கறுக்கிறது தண்ணியாலைதானே எண்டு..."

"கறுத்தா ரெண்டு கரண்டி சீனியைக் கூடப் போடு."

தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டு, பஞ்சலிங்கம் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். குணலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. வாளியோடு அப்படியே நின்றாள்.

எண்பத்தாறாம் ஆண்டு. மழை பொய்த்து, சண்டிலிப்பாயில் கிணறுகள் எல்லாம் கீழே போயிருந்தன. மிளகாய்க் கண்டு பூக்கிற நேரம். காலமை மிசின் பூட்டி இறைக்கத் தொடங்கினால், பாதித் தோட்டம் நனைய முன்னமே அது காற்றை இழுத்துக் கத்தும். கிணற்றின் அடியை உடைத்து இன்னும் ஒரு முழம் ஆழமாக்கினால் தண்ணீர் பொங்கும் என்பது பஞ்சலிங்கத்தின் கணக்கு. அடியில் உவர் கிடந்தால், இருக்கிற நல்ல தண்ணீரும் கெட்டுப்போகும் என்பது குணலட்சுமியின் பயம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அது ஒன்றுதான் கிணறு. அயல் முழுக்கக் குடிக்க அள்ளுவதும் அதில்தான்.

காணியும் கிணறும் அவளுடைய சீதனம். அவள் பிறந்து வளர்ந்ததும் அந்த வளவில்தான். பஞ்சலிங்கம் நெல்லியடி ஆள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து தெற்கே புடைவைக்கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த வேட்டியோடு வந்து சேர்ந்தார். வந்த கிழமையே மிளகாய்க்கு எவ்வளவு பசளை போடலாம் என்று ஊருக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்த வாய் இல்லாவிட்டால் மனுசன் அந்த வருடம் படுத்த பாயை விட்டு எழும்பியிருக்காது என்று குணலட்சுமி நினைப்பதுண்டு. அதனாலேயே அந்த வாயை அடக்க அவளுக்கு மனம் வருவதில்லை.

"சிமியோன் அண்ணையை ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டுவம்," என்றாள்.

"காட்டு. ஆரையும் கூப்பிட்டுக் காட்டு."

ஊரில் பாதிக் கிணறுகள் சிமியோன் இறங்கி வெட்டியவை. அவர் கயிற்றைப் பிடித்து இறங்கினார். கல்லைத் தட்டினார். வெடிப்புகளில் ஊறுகிற தண்ணீரை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தார். மேலே வந்து கிணற்றுக்கட்டில் குந்தி, நெடுநேரம் கால்களைத் துடைத்தார்.

"என்னண்ணை, இறக்கலாமோ?"

"சொல்லத் தெரியேல்லைத் தம்பி."

"இத்தினை வருசம் கிணத்துக்கை நிண்டிட்டுச் சொல்லத் தெரியேல்லையோ?"

"நிண்டபடியாத்தான். மூண்டு கிணறு என்ரை கையாலை உவராப் போனது. மூண்டிலையும் இறங்கேக்கை நல்ல தண்ணிதான் கிடந்தது." பிறகு அவர் குணலட்சுமியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீர் பிறந்ததிலையிருந்து இந்தத் தண்ணிதானே? சமையலுக்கு எப்பிடி?"

"எனக்கென்ன தெரியும் அண்ணை." வாளியின் பிடியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "மாரியிலை பருப்பு ஒரு கொதியிலை அவிஞ்சிடும். ஆடியிலை அவியாது. மிசின் கனநேரம் ஓடின நாளிலை தேத்தண்ணி கறுத்து, மேலை ஆடை படரும். மிசின் ஓடாத நாளிலை இல்லை. சிலவேளை பருப்பிலை பிழையோ தெரியாது."

சிமியோன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானெண்டாத் தொடமாட்டன். ஆனா நான் முந்தியும் பிழை விட்டனான். கிணறு உங்கடை."

அவர் படலையைத் தாண்டியதுதான் தாமதம், பஞ்சலிங்கம் அவரைப் போலவே காலைத் துடைத்து, "சொல்லத் தெரியேல்லைத் தம்பி," என்று நடித்துக் காட்டினார். அவருடைய கூட்டாளி ஏரம்பு விழுந்து விழுந்து சிரித்தான்.

"உந்த மனுசனிட்டைக் கேக்கிறதும் உந்த மாமரத்திட்டைக் கேக்கிறதும் ஒண்டு மச்சான்," என்றார் பஞ்சலிங்கம்.

ஆனாலும் பஞ்சலிங்கம் நியாயமான மனுசன். அடுத்தவர் பொருளில் கேட்காமல் கை வைக்கமாட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்.

"காணி உன்ரை. நீ சொல்லு. இறக்கினா உவராகும் எண்டு உனக்கு நிச்சயமாத் தெரியுமோ?"

குணலட்சுமி யோசித்தாள். கையில் என்ன இருக்கிறது? அவியாத பருப்பு. தேத்தண்ணியில் ஓர் ஆடை. அதை வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்தைக் காயவிடச் சொல்லுவதா?

"நிச்சயமாத் தெரியாது," என்றாள்.

"சரி. எனக்குத் தெரியும்."

அதோடு கதை முடிந்தது.

வெடிமருந்து என்று வாயால் சொன்னாலே ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். ஆகவே இரும்பு அலவாங்கால்தான் கல்லைப் பெயர்த்தார்கள். பஞ்சலிங்கம் இறங்கிக் குத்தினார், ஏரம்பு கல்லைக் கடகத்தில் இழுத்துக் கொட்டினான். கை கொப்பளித்தும் மனுசன் விடவில்லை. ஒரு முழம் போனதும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஏறி வருவதற்குள் இடுப்பளவு. ஒரு செம்பு மொண்டு குணலட்சுமியிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பார்."

குடித்தாள். நல்ல தண்ணீர். உண்மையாகவே நல்ல தண்ணீர்.

மிசின் பகல் முழுக்க ஓடியது. கண்டு நிமிர்ந்தது. நவாலியிலிருந்துகூட ஒருவர் வந்து பஞ்சலிங்கத்திடம் யோசனை கேட்டுப் போனார். குணலட்சுமிக்கு உள்ளுக்குள் கூசியது. என்ரை பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கண்டெல்லாம் கருகியிருக்குமே, ஒன்றும் தெரியாத நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று பலமுறை நினைத்துக்கொண்டாள்.

சில கிழமை கழித்து, முதலில் வந்து சொன்னது பக்கத்து வளவு இரத்தினம்மா.

"குணம், குறை நினையாதை. உன்ரை கிணத்துத் தண்ணியிலை சவர்க்காரம் நுரைக்குதில்லையடி."

"கள்ளச் சவர்க்காரமாக்கும்," என்றார் பஞ்சலிங்கம், சாய்மனைக் கதிரையில் இருந்தபடி.

பருப்பு இரண்டு கொதி கொதித்தும் கல்லாகக் கிடந்தது. "பழம் பருப்பைத் தந்திட்டான்." மிளகாய் இலைகளின் ஓரம் தீய்ந்தது. "பசளை ஒரு சிறங்கை கூடிப்போச்சு." ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொன்றும் கேட்க நன்றாகவும் இருந்தது. ஒருநாள் வெயிலால் வந்து செம்பைத் தூக்கி அண்ணாந்தவர், பாதியில் நிறுத்தினார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு விழுங்கினார்.

"அடியிலை உப்புப் படை ஒண்டு கிடக்கு," என்றார் மெதுவாக. பேசப் பேசக் குரல் ஏறியது. "மெல்லிய படை. நாங்கள் அதிலை வந்து நிண்டிட்டம். அதைத் தாண்டினா அங்காலை நல்ல தண்ணி."

இரத்தினம்மா அன்று குடத்தோடு வந்து, கிணற்றடியில் நின்று பார்த்துவிட்டு, வெறுங்குடத்தோடு கோயில் கிணற்றுப் பக்கம் போனாள். குணலட்சுமி அதைப் பார்த்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு நேரே சிமியோன் வீட்டுக்கு நடந்தாள்.

சிமியோன் அவளிடம், நான் அப்பவே சொன்னேனே என்று கேட்கவில்லை.

"உடைச்ச இடத்தைக் களியும் கல்லும் போட்டு இறுக்கி அடைச்சுப் பாக்கலாம். மிசினைக் கொஞ்சக் காலம் தொடக்கூடாது. சரிவருமோ தெரியாது தங்கச்சி. பின்னேரம் வாறன்."

தெரியாது என்று அவர் சொன்ன அந்தச் சொல், ஏனோ அன்றைக்கு அவளுக்குப் பிடித்து நடக்க ஒரு கை போல இருந்தது.

திரும்பி வந்தபோது மிசின் இறைத்து ஓய்ந்திருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பஞ்சலிங்கத்தின் குரல் கேட்டது.

"ஏரம்புவோ?"

"இல்லை, நான்."

"அவனைக் காணேல்லை. அந்த அலவாங்கைக் கயித்திலை கட்டி இறக்கு."

அலவாங்கு கிணற்றுக்கட்டில் சாய்ந்து கிடந்தது. அவள் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"கட்டியாச்சோ?"

"ஓம்."

"பின்னை இறக்கன்."

"சிமியோன் அண்ணை பின்னேரம் வாறார். களி போட்டு அடைச்சுப் பாக்கலாமாம்."

"அடைச்சாச் சரிவருமாமோ?"

"தெரியாதாம்."

கிணற்றுக்குள் சிரிப்புச் சத்தம் சுற்றிச் சுற்றி மேலே வந்தது. "அந்த மனுசனுக்கு என்னதான் தெரியும்? இஞ்சேர், இன்னுமொரு முழம். அங்காலை நல்ல தண்ணி கிடக்கு. இறக்கு, கெதியா."

குணலட்சுமி கயிற்றை இறக்கவில்லை. அதை வலக்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கட்டைப் பிடித்துக் குனிந்தாள். கீழே முழங்காலளவு தண்ணீரில் நின்று அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து முகம் சின்னதாகத் தெரிந்தது.

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமோ?"